சென்சார்காரர் மாட்டிய வளையம்

விருத்தாசலத்தில், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் என்பதை நம்பாத ஒரே மனிதர் சென்சார்காரர்தான். கடவுளை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள்கூட பஸ்ஸில் ஏறினால் வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இவர் ஏறினால் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். டிரைவரின் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் தானும் வலது காலைத் தரையில் ஓங்கி அழுத்துவார்.

"புடிச்சிட்டியா? சரி. சக்கரம் நின்னுடுச்சு. வண்டி நின்னுச்சா?"

கேள்வி புரியாமல் டிரைவர் திரும்பிப் பார்ப்பார்.

"என் மூஞ்சிய ஏன்யா பாக்குற? ரோட்டப் பாரு!"

தூரத்தில் அவர் தலை தெரிந்ததும் விசிலடித்து வண்டியை எடுக்கச் சொன்ன கண்டக்டர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மனிதரோடு ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான் சில வருஷம் வேலை பார்த்தவள். இதை எழுத உட்காரும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வேலை எதுவும் அமையாமல், எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டில், அதாவது பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு பொம்மைக் கம்பெனியில் மேற்பார்வைக்குச் சேர்ந்திருந்தேன். பிள்ளையார், யானை, உண்டியல் பன்றி, ஊறுகாய் ஜாடி எல்லாம் அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, வர்ணம் அடித்து, வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். எங்கள் முதலாளி பருத்த உடம்பும் மெல்லிய மனசும் கொண்டவர். பொம்மைகளைப் 'புள்ளைங்க' என்றுதான் சொல்வார். "நாலு புள்ளைங்களுக்குக் காது ஒடஞ்சிருக்குதும்மா, பாத்துக் கையாளச் சொல்லுங்க" என்பார். கேட்கிறவர்கள் பதறிப் போவார்கள்.

எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் காலியாகக் கிடந்த தகரக் கொட்டகைக்கு ஒரு நாள் டெம்போவில் இரும்பு கடையும் லேத்து மெஷினும், அதன் மேல் சாமி போல உட்கார்ந்தபடி சென்சார்காரரும் வந்து இறங்கினார்கள். கூடவே பாத்திர மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி அவர் மனைவி கமலாக்கா.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் பயன்பட்டது. வந்த முதல் வாரமே டீக்கடையில் நின்று 'சென்சார், சென்சார்' என்று அவர் போட்ட கூச்சலில் அதுவே பெயராகிவிட்டது. எங்கள் ஊருக்குத் தெரிந்த ஒரே சென்சார் சினிமாவை வெட்டுகிற சென்சார்தான். தியேட்டர் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பால்கனியில் உட்கார வைத்து, இடைவேளையில் சோடா வாங்கிக் கொடுத்து, "சார், அந்த மழைப் பாட்ட மட்டும் வுட்டுடுங்க சார், ஜனங்க அதுக்குத்தான் வராங்க" என்று கெஞ்சியிருக்கிறார். இவர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, "மழையில ரோடு எப்பிடி வழுக்கும்னு தெரியுமாய்யா ஒனக்கு?" என்று ஆரம்பித்தாராம். இடைவேளை முடிந்து படம் போட்டும் அவர் முடிக்கவில்லை.

அவருடைய சங்கதி என்னவென்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் சக்கரத்துக்கு உள்பக்கம் கனமான ஓர் இரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக் பிடித்தால் அதை இரண்டு பக்கமும் கவ்வும். அந்தத் தட்டின் நடுமேட்டைச் சுற்றி, பல் வெட்டிய ஒரு வளையத்தை மாட்டுவார்கள். பற்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பக்கத்தில் இருக்கும் சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டு வண்டி வழுக்க ஆரம்பித்தால், பல் நகரவில்லை என்று சென்சார் ஒரு பெட்டிக்குச் சொல்லும். பெட்டி பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். வண்டி வழுக்காமல் நிற்கும். இன்று சாதாரணக் காரில்கூட இருப்பது. அன்று நம் பக்கத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஏன், சென்சார்காரரே பார்த்ததில்லை. அவர் மெட்ராஸில் வேலை செய்த கம்பெனி, வெளிநாட்டுக் கார்களுக்காகத் தட்டும் வளையமும் செய்து கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தது. வளையத்தை மாட்டுவதோடு இவர் வேலை முடிந்துவிடும். அது எண்ணப்படுவதை அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையும் கண்டதில்லை.

மெட்ராஸ் கம்பெனியில் அந்த வளையத்தை ஸ்குரூ போட்டு முடுக்கினார்கள். அதுதான் தகராறு. "பிரேக் புடிச்சா தட்டு கொதிக்கும், டீச்சர். கொதிச்சா வீங்கும். ரிங்கு அந்த அளவுக்கு வீங்காது. ரெண்டுக்கும் நடுவுல ஸ்குரூ என்ன பண்ணும்? அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல மாட்டுன ஆம்பள மாதிரி முழிக்கும். அப்புறம் ஒருநாள் கழண்டுகிட்டுப் போவும்." கண்ணாடி போட்டுக் குடை வைத்திருந்ததால் நான் அவருக்கு டீச்சர். இதையே அவர் போர்மேனிடமும், மேனேஜரிடமும், கடைசியில் வாசலுக்கு வந்த வெளிநாட்டுக்காரரிடமும் தமிழிலேயே சொல்லியிருக்கிறார். அதோடு அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஸ்குரூவே இல்லாமல் மாட்டிக் காட்டுகிறேன் என்ற வீம்பில்தான் இங்கே வந்தார். கமலாக்காவுக்கு கம்மாபுரம் பக்கம் தாய்வீடு. ஆனால் அதற்காக அவர் இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே சூளைகள் இருந்தன. வளையத்தைச் சூடாக்கினால் விரியும். விரிந்த வாக்கில் தட்டின் மேல் இறக்கிவிட்டால், ஆறும்போது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தது வெடித்துவிடாமல் இருக்க வளையத்தின் உள்விளிம்பில் சின்னச் சின்னதாக வெட்டு விடுவார். "மூச்சு வுட எடம்" என்பார் அதை. கட்டின மனைவிக்கு அவர் அப்படி ஓர் இடமும் விட்டதில்லை என்பதை நான் அப்போதே கவனித்து வைத்தேன்.

சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே! கமலாக்கா எங்களிடம் வர்ணம் அடிக்கச் சேர்ந்தார். ஒரே மாதத்தில் கண் வரையும் பலகைக்கு வந்துவிட்டார். அவர் கண் வைத்த பிள்ளையார் நம்மைப் பார்த்து, 'உன் கஷ்டம் எனக்குத் தெரியும், ஆனா நான் என்ன பண்றது?' என்பது போல இருக்கும். மற்ற கம்பெனிப் பிள்ளையார்கள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வியாபாரிகள் கமலாக்காவின் பிள்ளையாரைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

"எங்க கல்யாணத்துல எனக்கு மோதிரம் போட்டாரு டீச்சரம்மா. லூஸு. பந்தியில எலையில வுழுந்துடுச்சு. எல மேல பார்வையா இருந்தாரே தவிர, குனிஞ்சு எடுத்துக் குடுக்கல. இந்த ஆளு இரும்புக்கு மோதிரம் போட்டு அது கழலாம இருக்கணும்னு உசுர வுடறாரு" என்று கமலாக்கா சொன்னபோது பலகை முழுக்கச் சிரித்தது. கமலாக்கா சிரிக்காமல் யானைக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார்.

சுட்ட சூளையை அணைத்தபின் அது தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு உள்ளே இருக்கும் சாமான் விரிசல் விட்டுவிடும். எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்சார்காரருக்கோ, ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் அந்த இளஞ்சூடுதான் வளையத்துக்குப் பொருத்தமாகப்பட்டது. விநாயகர் சதுர்த்திக்கு முன்னால், சூளை நிறையப் பிள்ளையார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இவர் ஒரு நீளக் கம்பியில் வளையங்களைக் கோர்த்து எடுத்து வந்து, கதவைக் கையகலம் திறந்து உள்ளே நீட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. பிறகு கோயிலில் பூஜை நேரத்து மணி போல விடாமல் அடித்தது. முதலாளி சோற்றுக் கையோடு ஓடிவந்தார். உள்ளே அத்தனை பிள்ளையாருக்கும் தொந்தியின் குறுக்கே கோடு.

"என் புள்ளைங்க வயித்தக் கிழிச்சிட்டியேய்யா!"

சென்சார்காரர் காதில் வாங்கவில்லை. சூடு ஆறுவதற்குள் வளையத்தை இடுக்கியில் பிடித்துக்கொண்டு தம் கொட்டகைக்கு ஓடினார். தட்டின் மேல் இறக்கி, ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, சாவதானமாகத் திரும்பி வந்தார்.

"உக்காந்துடுச்சு" என்றார்.

தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்த முதலாளி, தம்மைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "உக்காராம என்னய்யா பண்ணச் சொல்ற?" என்று அழுதார்.

"ரிங்கு உக்காந்துடுச்சுன்னேன். புள்ளையாருக்கு வயித்த இத்தாம் பெருசா வெச்சா வெடிக்கத்தான் செய்யும். சின்னதா வெய்யி."

அன்றே அவரைக் கொட்டகையோடு தூக்கி எறிந்திருக்க வேண்டும். முதலாளி எறியவில்லை. கமலாக்கா போய்விடுவாரே என்ற பயம். அதன் பிறகு அனுமதி கேட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. இவர் சூளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டு, "ஆறிச்சா? ஆறிச்சா?" என்று பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். தம் திறமையை மதித்துத்தான் முதலாளி இடம் கொடுத்தார் என்று அவர் கடைசிவரை நினைத்தார். யாரும் திருத்தவில்லை. திருத்தினாலும் காதில் விழுந்திருக்காது.

மாட்டிவிட்டார். சரி, ஓட்டிப் பார்க்க வண்டி? எங்கள் ஊரில் டிஸ்க் பிரேக் வைத்த கார்களை எண்ணிவிடலாம். அதில் ஒன்று கடைவீதி டாக்டருடையது. டாக்டர் மென்மையான மனிதர். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். அவருடைய முன் சக்கரத் தட்டுகளைக் கழற்றிக்கொண்டு போய் வளையம் மாட்டித் திருப்பிக் கொடுத்தார் சென்சார்காரர். சென்சாருக்கு எங்கே போவது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மெல்லிய தகடு ஒன்றை வளையத்தின் பல்லில் உரசுகிற மாதிரி பொருத்திவிட்டார். சக்கரம் சுற்றினால் 'கிர்ர்ர்' என்று பாடும். சக்கரம் பூட்டிக்கொண்டால் பாட்டு நின்றுவிடும்.

"ஒங்க காதுதான் டாக்டர் சென்சாரு. சத்தம் நின்னுச்சுன்னா பிரேக்குல இருந்து லேசாக் கால எடுத்துட்டுத் திரும்பப் புடிங்க. அவ்ளோதான்."

டாக்டர் காரை எடுத்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. சேமியா மிஷினும் தேனீக் கூடும் சேர்ந்த மாதிரி ஒரு சத்தம். பாலக்கரையில் கார் திரும்பும்போதே கிளினிக்கில் நோயாளிகள் எழுந்து வரிசையில் நின்றார்கள். ஊசிக்குப் பயந்த குழந்தைகள் அந்தச் சத்தம் கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் புகுந்தன. டாக்டரம்மா அந்தக் காரில் ஏறுவதையே விட்டுவிட்டார். கழற்றச் சொல்லி டாக்டர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒரு மழ பெய்யட்டும்" என்பார் இவர்.

மழை பெய்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு டாக்டர் திரும்பிக்கொண்டிருந்தார். குறுக்கே ஓர் எருமை. டாக்டர் பிரேக்கை மிதித்தார். சத்தம் நின்றது. கார் வழுக்கிக்கொண்டே போய் வயலில் இறங்கி, நாற்று நடுகிற பெண்களுக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றது. டாக்டருக்குச் சிராய்ப்புக்கூட இல்லை. ஆனால் வேட்டி சட்டையெல்லாம் சேறு.

செய்தி கேட்டு எல்லோரும் ஓடினோம். சென்சார்காரர் நேராகக் காருக்கு அடியில் புகுந்தார். சேற்றிலிருந்து கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ரிங்கு ஆடல! இம்மி ஆடல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்புறம்தான் டாக்டரின் ஞாபகம் வந்து தலையை நீட்டினார். "சத்தம் நின்னா கால எடுக்கணும்னு சொன்னனா இல்லியா?"

டாக்டர் வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தினார். "எப்பிடிய்யா எடுப்பேன்? ரெண்டு மாசமா உசுர வாங்குன சத்தம் நின்னுடுச்சேன்னு சந்தோஷத்துல மெய்மறந்து போயிட்டேன்யா!"

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? நானும் அதுவரை சிரித்தவள்தான்.

வயலில் இறங்கியும் வளையம் ஆடவில்லை என்ற பெருமையில் சென்சார்காரர் மெட்ராஸ் கம்பெனிக்கே போய், தம்மை வெளியே அனுப்பிய அதே வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார். அங்கே புதிதாக வந்திருந்த இளம் என்ஜினியர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தட்டுகளைக் கொடுத்து அனுப்பினார். 'மாட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் சோதித்துப் பார்க்கிறோம்' என்றார். எங்கள் கொட்டகையில் அன்றிலிருந்து திருவிழாதான். அவர் குளிப்பதை விட்டார். ஷேவ் செய்வதை விட்டார். திட்டுவதை மட்டும் விடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கம்மாபுரத்திலிருந்து ஆள் வந்தது. கமலாக்காவின் அப்பா இறந்துவிட்டார். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசாமல், அதற்கு ஈடாகக் கட்டிக் கொடுத்த புது வீட்டுக்குள் போக மனமில்லாமல் வாசலிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தவர். கமலாக்கா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அப்பா போயிட்டாராம். கெளம்புங்க."

சென்சார்காரர் சூளைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சூளை அன்றைக்குத்தான் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே வளையங்களை வைத்தாகிவிட்டது.

"நீ முன்னால போ. இத எறக்கிட்டு வந்துடறேன்."

"எப்ப வருவீங்க?"

"வரேன்னு சொல்றன்ல! சூடு போயிடும், போ."

கமலாக்கா வெளியே நடந்தார். நான்தான் அவரோடு பஸ் ஏறினேன். உடலை எடுக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'வந்துக்கிட்டு இருக்காரு' என்றார். அவர் வரவில்லை. ஒன்று சரியாக இறங்கியதும் இன்னொன்று, அதுவும் இறங்கியதும் அடுத்தது என்று அத்தனையையும் மாட்டி முடித்திருக்கிறார். கருமாதியன்றுதான் எண்ணெய்ச் சட்டையோடு வந்து நின்றார். கமலாக்காவின் அண்ணன் பந்தியில் அவருக்கு மட்டும் இலை போடவில்லை. இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் அதை நினைத்தால் வருவதில்லை.

அன்றிலிருந்து கமலாக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சமைத்தார், துவைத்தார், மதியம் தூக்குவாளியைக் கொட்டகை வாசலில் வைத்தார். பேச்சு மட்டும் கிடையாது. அவசியமானால் என் வழியாக. மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்போம்.

"டீச்சரம்மா, கொழம்புல உப்பு போட மறந்துட்டேன்னு அந்த மனுஷங்கிட்ட சொல்லுங்க."

"டீச்சர், உப்பில்லன்னு எனக்குத் தெரியல, நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவகிட்ட சொல்லு."

"உப்பில்லாதது தெரியலன்னா நாக்கக் கழட்டி அதுக்கும் பல்லு வெட்டிக்கச் சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டியதே இல்லை. இருவரும் என் இரண்டு காதுக்கும் பக்கத்தில்தான் நிற்பார்கள். வேடிக்கையாகத்தான் இருந்தது, முதல் வாரம். பிறகு மாதங்கள் போயின. பொங்கல் வந்து போனது. கமலாக்கா வரைந்த பிள்ளையார்களின் கண்கள் அந்த வருஷம் யாரையும் பார்க்கவில்லை. வியாபாரிகள்கூடக் கேட்டார்கள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் மெட்ராஸ் என்ஜினியர் வந்தார். வைக்கோல் ஒட்டிய பெட்டியின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். மரியாதையான பையன். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். கமலாக்கா மட்டும் பலகையை விட்டு எழவில்லை. ஆனால் தூரிகை நின்றுவிட்டது.

"அண்ணே, நீங்க மாட்டிக் குடுத்தது எல்லாத்தையும் சூடு பண்ணிப் பார்த்தோம், தண்ணியில போட்டோம், உப்புத் தண்ணியில ஊற வெச்சோம். ஒண்ணுகூடக் கழலல" என்றார் அவர்.

முதலாளி கைதட்டினார். சென்சார்காரர் அவரை முறைத்தார். "மேல சொல்லு தம்பி."

"ஆனா... கம்பெனியில வேற முடிவு எடுத்திருக்காங்க." பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். "ரிங்கத் தனியா செஞ்சு மாட்டவே வேணாம்னு சொல்லிட்டாங்கண்ணே. தட்ட வார்க்கும்போதே பல்லையும் சேர்த்து ஒரே வார்ப்பா வார்த்துடறது."

சென்சார்காரர் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். திருப்பினார். கட்டைவிரலைப் பற்களின் மேல் மெதுவாக ஓட்டி முழுவட்டம் வந்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஏதாவது குறை கண்டுபிடித்துவிடுவார், அந்தப் பையனைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். முதலாளி பொம்மைகளைக் கொஞ்சம் தள்ளிக்கூட வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அன்று அந்த வசைக்காக ஏங்கினேன்.

"நல்லா இருக்குது" என்றார் சென்சார்காரர்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை எஸ்டேட்டில் யாரும் கேட்டதில்லை. என்ஜினியருக்கு அது தெரியாது. நிம்மதியாகச் சிரித்தார்.

அப்போதுதான் கமலாக்கா பேசினார். என்னிடம் அல்ல, நேராக அவரிடம். "நல்லா இருக்குதா? அப்ப நீங்க மாட்டுனது?"

"அது வேணாம். இதுல கழண்டு வுழறதுக்கு ஒண்ணுமே இல்லியே. இதாங் கமலா சரி."

"எங்கப்பா மொகத்தப் பாக்க வராம மாட்டுனீங்களே, அது வேணாமா?"

அவர் தட்டைத் துணியில் பழையபடி சுற்றி என்ஜினியரிடம் கொடுத்தார். "போயிட்டு வாங்க தம்பி. ரோடு ஈரமா இருக்குது, டிரைவர மெதுவாப் போச் சொல்லுங்க" என்றார். பிறகு கொட்டகைக்குள் போய் லேத்து மெஷினைத் துணி போட்டு மூடினார். அன்று சாயங்காலம் கமலாக்காவின் பலகைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அவர் கண் வரைவதை முதல்முறையாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, "எடது கண்ணு ஒரு நூல் எறங்கியிருக்குது" என்றார். கமலாக்கா அந்த யானையைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். அது தோளில் பட்டுக் கீழே விழுந்து உடைந்தது. முதலாளி துடைப்பத்தை எடுத்து வந்து தாமே கூட்டினார்.

அதன் பிறகு அவருக்குத் திட்டக்குடியில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை கிடைத்தது. டிஸ்க்கும் இல்லை, வளையமும் இல்லை, பழைய டிரம் பிரேக்குகள். காலை பஸ்ஸில் போவார். அங்கேயும் வண்டியை வெளியே விடாமல் மறித்து நின்று முதலாளிகளோடு சண்டை என்று கேள்விப்பட்டோம். அடுத்த வருஷம் மாமனார் திதிக்கு ஒரு நாள் முன்பே கம்மாபுரம் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எழுந்து வரவும் இல்லை. சடங்கு முடிந்து கமலாக்கா வெளியே வந்தபோது, "கெளம்பலாமா?" என்று கேட்டாராம். அதற்குள் இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். சாதாரணமாக என்றால், உப்பைப் பற்றியும் மண்ணெண்ணெயைப் பற்றியும். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி இல்லை.

ஒரு காலையில் பஸ் திட்டக்குடி போய்ச் சேர்ந்தபோது அவர் இறங்கவில்லை. அன்று அதிசயமாக உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார். நெஞ்சு வலி வந்தது பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரைக் கூட்டிய மனிதர், அதை மட்டும் சத்தமில்லாமல் செய்தார்.

கமலாக்கா அழவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் வேலைக்கு வந்தார். கண் வரைந்தார். ஊரில் அதைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். நான் பேசவில்லை. அந்த மனிதரைத் திட்டித் தீர்க்கக் கமலாக்காவுக்கு எவ்வளவு மிச்சமிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய இரும்பு எடுப்பவர் தள்ளுவண்டியோடு வந்தார். லேத்து மெஷினை யாரோ முன்பே கேட்டுக் கொண்டு போயிருந்தார்கள். மூலையில் அவர் மாட்டிப் பார்த்த தட்டுகள் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தன. தட்டு வார்ப்பிரும்பு, வளையம் எஃகு. அவற்றைப் பிரித்துத்தான் எடுப்பேன் என்று அந்த ஆள் சம்மட்டியைத் தூக்கினார். கமலாக்காவும் நானும் வாசலில் நின்றிருந்தோம்.

அடித்தார். வளையம் வரவில்லை. திருப்பிப் போட்டு அடித்தார். உளியை வைத்து அடித்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். கடைசியில் தட்டே விளிம்பில் பிளந்து ஒரு துண்டு தெறித்தது. நடுமேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த வளையம் அப்படியே இருந்தது.

"தட்டே ஒடஞ்சிபோச்சு, இந்தக் கருமம் வுட மாட்டேங்குதே! எந்தப் படுபாவி மாட்டுனான் இத?"

"எங்க வூட்டுக்காரரு" என்றார் கமலாக்கா.

அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா, தெரியாம..."

கமலாக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்தியிருந்தார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகு அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. தலைப்பை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"பரவால்ல. இன்னொருக்கா அடிங்க, பாப்போம்."

அந்த ஆள் தயங்கிவிட்டு மறுபடியும் சம்மட்டியைத் தூக்கினார். அது வழுக்கிக்கொண்டு போய் அவர் முழங்காலில் பட்டது. எங்களை மறந்து, மாட்டியவனையும் அவன் பரம்பரையையும் உரக்கத் திட்ட ஆரம்பித்தார்.

கமலாக்கா தடுக்கவில்லை. அந்த மனிதரை யாராவது இன்னும் கொஞ்ச நேரம் இப்படி வாய் நிறையத் திட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று எனக்கும் இருந்தது.